பேனரில் இருந்த பச்சைத் துண்டு

சுருளிப்பட்டி
14 ஜூலை 2024

தங்கச்சி ஜோதிலட்சுமிக்கு,

அண்ணன் கர்ணன் எழுதுவது. இங்கு நானும் என் மூச்சிளைப்பும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு இருக்கிறோம். நீயும் மகள் மகிமாவும் சுகமா? உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்பது முறை. கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்.

நேற்று கம்பத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது நம் ஊர் முகப்பில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். திராட்சையைத் தின்னும் செவட்டை நோய்க்குப் புது மருந்து வந்திருக்கிறதாம். நம் பக்கத்துத் தோட்டங்களில் அடித்துப் பார்க்க விவசாயிகளைக் கூட்டிப் பேசப் போகிறார்களாம். கீழே ஒரு படம். நாடா நாடாவாகச் சுருண்டு கிடக்கும் ஒரு புரதம், அதன் நடுவில் ஒரு குழி, குழிக்குள் பச்சை நிறத்தில் ஒரு துண்டு. 'கிருமியின் பூட்டுக்குள் எங்கள் சாவி' என்று எழுதியிருந்தது.

அந்தப் படம் யார் வரைந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புரதத்தைப் படிகமாக வளர்த்தவன் நான். எக்ஸ்ரேக்கு முன்னால் அதை வைத்துவிட்டுக் கண் விழித்துக் கிடந்தவன் நான். பச்சைத் துண்டை அதற்குள் சொருகியவர் உன் புருஷன். இருபது வருஷமாக அது புத்தகங்களில் கிடந்தது, நான் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டுத் தப்பித்தேன். இப்போது புளியமரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் காபி வேண்டாமென்று படுத்துவிட்டேன்.

காலையில் வரப்புக்கு அந்தப் பக்கத்து மலையம்மாள் வந்து நின்றாள். புருஷன் போன பிறகு ஒற்றையாளாக அந்தத் தோட்டத்தைக் கட்டி இழுப்பவள், உனக்குத் தெரியும்.

"அண்ணே, நம்ம ஜோதி வீட்டுக்காரவுக மருந்தாமுல்ல? வாங்கி அடிக்கட்டுமா? ரெண்டு வெள்ளாமையும் செவட்டையில போச்சு. இதுவும் போச்சுன்னா கொடிய வெட்டிப்புட்டு ஏலத்தோட்டத்துக் கூலிக்கு ஜீப்புல ஏற வேண்டியதுதேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். மகிமாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
கர்ணன்


ஐதராபாத்
29 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். மூன்றாவது ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உனக்கு இளைப்பு கூடியிருக்கிறதா? இழுவை மருந்தை நேரம் தவறாமல் எடுக்கிறாயா, அல்லது அதிலும் யாரையாவது சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டாயா?

ஆமாம், அது இவருடைய மருந்துதான். இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து நடத்தும் சின்ன கம்பெனி. அரசு அனுமதியோடு சோதனைக்காக அடிக்கிறார்கள். பேனர் போட்டது விற்பனைப் பிரிவுக்காரர்களாம், இவருக்கே தெரியாது. நான் சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அண்ணே, உங்கள் சண்டை எனக்குப் புரியாத பாஷையில் நடந்த சண்டை. நான் கட்டிக்கொண்ட வருஷம் கருப்பன் கோயிலில் நீ சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாய், இந்த வீட்டு ஆட்களோடு வாய் பேசுவதில்லையென்று. அம்மா செத்த அன்றைக்குக்கூட, 'நெய்ப்பந்தம் பிடிக்க மகிமாவைக் கூப்பிடு' என்று காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினாய். நானும் கடிதத்துக்குப் பழகிக்கொண்டேன். ஆனால் மலையம்மாள் எந்தச் சூடத்தையும் அணைக்கவில்லையே. அவள் ஏன் இதில் அடிபட வேண்டும்?

இந்த மருந்தை இலையில் தெளித்துப் பல வருஷம் பார்த்திருக்கிறார்கள். நோய் பிடித்த இலையில், பிடிக்காத இலையில், மழைநீர் விட்ட இலையில். அந்த முடிவுகளை இவர் தருகிறேன் என்கிறார். அனுப்பட்டுமா?

படத்தில் அப்படி என்னதான் தப்பு? எனக்கு விளங்கும்படி ஒரு தடவையாவது சொல்.

தங்கை
ஜோதி


சுருளிப்பட்டி
11 ஆகஸ்ட் 2024

தங்கச்சிக்கு,

இழுவை மருந்தை எடுக்கிறேன். இழுப்பதற்கு மூச்சு இருக்கிற வரைக்கும் எடுப்பேன். மழை இங்கே மேகமலைப் பக்கம் மிரட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது.

கேட்டாய், சொல்கிறேன். நீ நினைப்பதுபோல் யாரும் ஒரு புரதத்தைப் படம் பிடிப்பதில்லை. கோடிக்கணக்கான புரதங்களை வரிசையாக அடுக்கி நிற்க வைத்தால் அது படிகம். அதன் மேல் எக்ஸ்ரே பட்டுச் சிதறும். சிதறியதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு புகை மூட்டம் கிடைக்கும். எங்கெங்கே எலக்ட்ரான் அதிகம், எங்கெங்கே குறைவு என்று காட்டும் புகை. அவ்வளவுதான் சோதனை நமக்குத் தருவது. அதற்குப் பிறகு ஒரு மனிதன் உட்கார்ந்து, இந்தப் புகைக்குள் இன்னது இருக்கும் என்று ஊகித்து அணுக்களை அடுக்குகிறான். பேனரில் தெரிகிறதே அழகான நாடா, அது அந்த மனிதனின் ஊகம். நல்ல படிகமாயிருந்தால் நல்ல ஊகம். எங்கள் படிகம் சுமார். புகையும் சுமார்.

அந்தப் புகையை எவ்வளவு அடர்த்திக்கு மேல் காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கலாம். ஏற்றினால், உறுதியாக இருப்பது மட்டும் தெரியும். இறக்கினால் இரைச்சல் எல்லாம் உருவம் எடுக்கும், ஆசைப்பட்டது எதுவானாலும் தெரியும். குழிக்குள் ஒரு சின்னக் கட்டி இருந்தது. உன் வீட்டுக்காரர் திலீபனின் மருந்து அதைவிட இரண்டு மடங்கு நீளம். அவர் இறக்கினார், இன்னும் இறக்கினார், கடைசியில் மருந்தின் வால் வரைக்கும் புகை வந்தது. எங்கள் லேபுப் பேராசிரியர் பின்னால் நின்று பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என் காதில் புழு மாதிரி நெளிகிறது.

நான் சொன்னேன்: அது மருந்து இல்லை, சிட்ரேட். எலுமிச்சைப் புளிப்பின் உப்பு. படிகம் வளர்ப்பதற்காக நாங்களே கரைசலில் கொட்டியது. அளவு பொருந்துகிறது, வடிவம் பொருந்துகிறது. மருந்து வரைந்த இடத்தில் அணுக்கள் நிலைகொள்ளாமல் ஆடுவதாகக் கணக்கே சொன்னது, அங்கே அவை இல்லையென்பதற்கு அது அடையாளம். பேராசிரியர் டீ குடித்தார். பிறகு கட்டுரை வந்தது. என் பெயர் கடைசியில், 'கண்ணாடிச் சாமான்களுக்கு உதவிய கர்ணனுக்கு நன்றி' என்று வந்தது. நான் பெட்டியைக் கட்டினேன். அடுத்த வருஷம் அந்தத் திலீபனையே நீ கட்டிக்கொண்டாய். என் சிநேகிதனென்று நம் வீட்டுக்கு நான்தானே அவரைக் கூட்டிவந்தேன்.

இலை முடிவுகளை அனுப்பாதே. படம் பொய்யென்றால் மீதியும் பொய். கூட்டம் நடக்கட்டும், நானும் போகிறேன்.

அண்ணன்
கர்ணன்


ஐதராபாத்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே தினமும் தூறல். எனக்குக் கழுத்துவலி, பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்துவதால் வருவது. மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். வேண்டுமென்றேதான் காட்டினேன். டீ குடித்தார் என்ற இடம் வந்தபோது சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாய் எழுந்து லேபுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "உங்கண்ணன் அந்த சிட்ரேட் விஷயத்தை அன்னைக்கு இவ்வளவு பொறுமையா சொல்லலை, ஜோதி. மானிட்டரை ஓங்கிக் குத்தினான்" என்றார். அது உண்மையா?

படத்தைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புரிந்தது. நீ வாத்தியாராகவே இருந்திருக்கலாம். ஆனால் கடைசி வரி மட்டும் புரியவில்லை. படம் பொய்யென்றால் மீதியும் பொய் என்று எப்படிச் சொல்கிறாய்? அவர்கள் படத்தைப் பார்த்தா மருந்து செய்தார்கள்? இலையைப் பார்த்துச் செய்தார்கள். படம் பேனருக்கு.

கவாத்து எப்போது? என் பங்குத் தோட்டத்திலும் நீதானே வெட்டிவிடுகிறாய்? மருந்தடிப்பது இன்னும் சுருளிராஜன் அண்ணன்தானா? அடிக்கிற நாளில் நீ தோட்டத்துப் பக்கமே போகாதே, உன் மூச்சுக்கு ஆகாது. அந்த நெடி அடங்க இரண்டு மூன்று நாளாவது ஆகும்.

தங்கை
ஜோதி


சுருளிப்பட்டி
23 செப்டம்பர் 2024

தங்கச்சிக்கு,

கழுத்துக்கு உயரமான தலையணை வைக்காதே. மானிட்டரைக் குத்தியது உண்மை. அது உடையவில்லை, வருத்தம்தான்.

மருந்தடிப்பது சுருளிராஜன்தான். அடிக்கிற நாளில் நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதும் வழக்கம்தான். புதிதாக என்ன அக்கறை?

கூட்டம் முடிந்தது. சமுதாயக் கூடத்தில் ஊர் முழுக்க வந்திருந்தது. கம்பெனி சார்பில் வினோத்ராஜ் என்று ஒரு பையன், இஸ்திரி போட்ட சட்டை, கையில் லேசர் விளக்கு. சுவரில் அந்தப் படம். சிவப்பு வெளிச்சத்தைப் பச்சைத் துண்டின் மேல் ஓடவிட்டு, "ஐயா, இது பூட்டு, இது சாவி" என்று ஆரம்பித்தான். எழுந்தேன்.

"தம்பி, அந்தச் சாவிய நீங்க பாத்தீகளா?"

"படத்துல இருக்கே சார்."

"படத்த வரஞ்சவக பாத்தாகளா?"

நான் முன்னால் போய்ச் சுவரைத் தொட்டுக் காட்டினேன். இந்தப் படிகத்தை வளர்த்தவன் நான், இந்தக் குழியில் இருப்பது மருந்தில்லை, நாங்கள் ஊற்றிய எலுமிச்சை உப்பு என்றேன். கோட்டைச்சாமி பின்வரிசையிலிருந்து கத்தினார்: "ஏலே, அப்ப நாலு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விட்டா செவட்டை ஓடிப்போயிருமுல்ல? எதுக்குடா கம்பெனி?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. இன்னொருத்தர், "ஊறுகாய் கம்பெனிக்காரவுக வழி தெரியாம இங்கன வந்துட்டாக போல" என்றார். அந்தப் பையனின் காது சிவந்துபோனது. இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த லேபில் யாராவது ஒருத்தர் இப்படிச் சிரித்திருந்தால் போதும், நான் வேறு மனிதனாக இருந்திருப்பேன்.

கலையும்போது மலையம்மாள் வாசலில் நின்றாள்.

"ஏண்ணே, அப்ப அடிக்க வேணாங்கிறீகளா?"

"வேணாம்."

"நெசமாத்தேன் சொல்றீகளா? எனக்கு உங்க சொல்லுதேன்."

"வேணாம் ஆத்தா. எப்பவும் போல மயில்துத்தம், சுண்ணாம்பு அடி."

"சரிண்ணே" என்று போய்விட்டாள். யாரும் மருந்து வாங்கவில்லை. மறுநாள் பேனரையும் அவிழ்த்துவிட்டார்கள். அதில் பாதியைக் கிழித்துக் கோட்டைச்சாமி கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்.

கவாத்து முடிந்தது, உன் பங்கிலும்தான். துளிர் நன்றாக வருகிறது. நீண்ட நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

அண்ணன்
கர்ணன்


ஐதராபாத்
10 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

நன்றாகத் தூங்குவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். எனக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

நீ கூட்டத்தில் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. குழியில் இருப்பது மருந்தில்லை என்பது ஒன்று. மருந்து வேலை செய்யாது என்பது இன்னொன்று. முதலாவது உனக்குத் தெரியும். இரண்டாவது உனக்கு எப்படித் தெரியும்? நான் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். ஒரு பிள்ளை விடைத்தாளில் படத்தைத் தப்பாக வரைந்தால் படத்துக்குத்தான் மார்க்கைக் குறைப்பேன். மழை பெய்யவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இவர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படிகத்தில் புரதங்கள் ஒன்றையொன்று எப்படித் தொட்டுக்கொண்டு நின்றன, குறிப்பாக அந்தக் குழியின் வாசல் பக்கம் பக்கத்துப் புரதத்தின் ஏதாவது பாகம் இருந்ததா என்று. பழைய தகவலெல்லாம் பேராசிரியர் போன பிறகு சிதறிவிட்டதாம். உனக்கு ஞாபகம் இருக்குமென்கிறார். "கர்ணன் ஒரு தடவை பார்த்தா மறக்க மாட்டான்" என்றார். இந்த வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மழைக்காலம் வருகிறது.

தங்கை
ஜோதி


சுருளிப்பட்டி
28 அக்டோபர் 2024

தங்கச்சிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை விடுவதில்லை. நெஞ்சில் பூனை உட்கார்ந்திருக்கிறது, வேறு புதிதில்லை. நீ ஐந்தாம் வகுப்பை எனக்கு நடத்தவேண்டாம்.

என் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவருக்கு இப்போது என் ஞாபகமும் வேண்டுமாம். இந்த வெட்கங்கெட்டதனத்துக்குப் பட்டம் வேறு கொடுத்து நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். சொல்கிறேன், மறுத்தால் பயந்துவிட்டான் என்பார்.

இருந்தது. பக்கத்துப் புரதத்தின் ஒரு வளைவு, கையை நீட்டியதுபோல நீண்டு, குழியின் வாசலில் மாட்டியிருந்தது. அவர் அதைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார். தனிப் புரதமாகக் காட்டினால் அழகாக இருக்குமென்று. வாசல் அடைத்துக் கிடந்த குழிக்குள் சின்ன சிட்ரேட் போகும், அவ்வளவு நீளமான மருந்து போகாது. நான் சொன்னதற்கு அதுவும் ஒரு சாட்சி. அவரிடம் சொல்.

தோட்டத்தில் பூ பிஞ்சாகும் நேரம். இந்த நேரத்து மழைதான் ஆகாது. மலையம்மாள் மழை வெறிக்கும் நேரமெல்லாம் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு துத்தம் அடிக்கிறாள். அடித்த கையோடு மழை கழுவிவிடுகிறது.

கர்ணன்


ஐதராபாத்
25 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்ததுமே இரண்டு வரி எழுதிப் போட்டேன், பதிலில்லை. தேனி மாவட்டத்தில் தொடர்மழை என்று டிவியில் சொன்னார்கள், முல்லையாற்றைக் காட்டினார்கள். உடம்பு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போகும்படி இருந்தால் சுருளிராஜன் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். திராட்சை எப்படி இருக்கிறது? மலையம்மாள் எப்படி இருக்கிறாள்?

ஒரு வரியாவது எழுது.

ஜோதி


ஐதராபாத்
20 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்னும் நீ எழுதவில்லை. நீ உயிரோடு நடமாடுவதை சுருளிராஜன் அண்ணனிடம் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் வேறு சிலவும் சொன்னார். அதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. என் பங்குத் தோட்டத்தை நீயே பார்த்திருப்பாய்.

ஆமாம். வினோத்ராஜிடம் கேட்டு மருந்தை சுருளிராஜன் அண்ணன் கையில் சேர்த்தது நான்தான். நிலம் என் பெயரில் இருக்கிறது, சோதனைக்குச் சம்மதமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நாட்களில் அவர் என் பங்கில் மட்டும் அதை அடித்தார். அவரைத் திட்டாதே. உன் பங்கில் அடிக்க எனக்கு உரிமையில்லை. மலையம்மாளுக்கும் அடித்துவிடச் சொன்னேன். டேங்கோடு வரப்பில் போய் நின்றிருக்கிறார். "கர்ணன் அண்ணன் வேணாம்னுட்டாக, அவுக சொன்னா அதுல காரணம் இருக்கும்" என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

இதனோடு இவர் எழுதிய துண்டுக் காகிதம் இருக்கிறது. பிரிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

ஜோதி

*மச்சானுக்கு, திலீபன் எழுதுவது. உடம்பு தேறியிருக்குமென்று நம்புகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. குழியில் இருந்தது சிட்ரேட். வாசலை அடைத்த கையைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு, சிட்ரேட் இல்லாத கரைசலில், புரதங்கள் வேறு விதமாக அடுக்கும்படி புதிய படிகம் வளர்த்தோம். இதில் வாசல் திறந்திருக்கிறது. மருந்து உள்ளே இருக்கிறது. நான் வரைந்த இடத்தில் இல்லை, பக்கத்துப் பிளவில், தலைகீழாக. இம்முறை அடர்த்தியை உயர்த்தி வைத்தே பார்த்தோம், தெளிவாகத் தெரிகிறது. பழைய படத்தைத் தவறு என்று எழுதி வாபஸ் வாங்கிவிட்டேன். படிகம் வளர்த்தவரும் தவறை முதலில் சொன்னவரும் நீங்கள் என்று அதில் இருக்கிறது. இருபது வருஷம் தாமதம். அன்று அந்தப் படம் எனக்கு வேண்டியிருந்தது, அதனால் தெரிந்தது. மன்னிக்கக் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.*


சுருளிப்பட்டி
19 ஜனவரி 2025

தங்கச்சி ஜோதிக்கு,

நீயும் மகிமாவும் திலீபனும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. மழை விட்டுவிட்டது.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உடம்பு என்று சொல்லலாம். சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த அன்று என் பங்கிலிருந்து அழுகல் நாற்றம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பிஞ்சுக் கொத்துகள் கருத்துச் சுருங்கி, தொட்டால் காம்போடு கையில் வந்தன. பந்தலுக்கடியில் நடந்தால் காலில் பிசுபிசுவென்று ஒட்டியது. சின்ன ஈக்கள் மூக்கில் ஏறின. அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் திலீபனின் காகிதத்தை வாசித்தேன். நான் இருபது வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்த வார்த்தைகள்தான் அவை, ஒன்றிரண்டுகூட மாறவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வாசித்தேன். ஒரு ருசியும் இல்லை.

உன் பங்கை நான் நவம்பரிலேயே பார்த்துவிட்டேன். இரண்டு பங்குக்கும் நடுவிலுள்ள கல்தூணுக்கு இந்தப் பக்கம் கருகல், அந்தப் பக்கம் பச்சை. பந்தல் கம்பி ஒன்றுதான், மழை ஒன்றுதான். கத்தரித்ததுபோல் ஒரு கோடு. சுருளிராஜனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தங்கச்சி சொன்னாக, அடிச்சேன். ஒங்ககிட்டச் சொன்னா விடுவீகளா?" என்றார். அன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒரு தோட்டம், ஒரு பருவம், காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, வாய்க்கால் ஈரம் எப்படியோ, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று உள்ளே ஒரு குரல் வாதாடிக்கொண்டே இருந்தது. இன்னும் வாதாடுகிறது. அது சொல்வது தப்பில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கூட்டத்தன்று இந்தக் குரல் எங்கே போயிருந்தது?

அடைத்துக் கிடந்த வாசலை நானே பார்த்தேன். உனக்கு நானே எழுதினேன். படிகத்துக்குள் நெருக்கி நிற்கும்போது பக்கத்தாளின் கை வாசலில் மாட்டியிருக்கிறது. உயிரோடிருக்கிற கிருமிக்குள் அந்தப் பக்கத்தாளே கிடையாது, வாசல் திறந்தே கிடக்கும். முதல் வருஷ மாணவன் சொல்வான் இதை. திலீபன் மருந்து இருக்கிறதென்று பார்க்க ஆசைப்பட்டார், பார்த்தார். நான் இல்லையென்று பார்க்க ஆசைப்பட்டேன். படத்தில் இல்லாததைக் கொடியிலும் இல்லையென்று ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னேன். இலை முடிவுகளை அனுப்பட்டுமா என்று நீ கேட்டாய்.

மலையம்மாள் பொங்கலுக்கு முன்னால் கொடியை வெட்டிவிட்டாள். ஆள் வைக்கவில்லை, அவளே வெட்டினாள். கொடுவாள் சத்தம் என் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வரப்பு வரைக்கும் போனேன். அவள் நிமிர்ந்து உன் பங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம்னீகளே அண்ணே" என்றாள். அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கருப்பன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். சுருளிராஜன் கூட இருந்தாராம். சூடத்தை ஏற்றி, "இனிமே சாகுற வரைக்கும் அந்தாளோட வாய்ப்பேச்சு இல்ல" என்று உள்ளங்கையால் அணைத்திருக்கிறாள். நான் நின்ற அதே இடம். இப்போது விடியுமுன் ஜீப் வந்து ஹாரன் அடிக்கிறது, ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள். வழியில் எதிரே வந்தால் நான் ஒதுங்கி நின்றுகொள்கிறேன்.

உன் பங்கில் அறுவடை முடிந்தது. பழம் நன்றாக இருந்தது. நீ ஒன்று செய்ய வேண்டும். உன் பங்குத் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு பேசி, மலையம்மாளுக்கு வாரத்துக்கு விடு. பந்தல் நிற்கிறது, கொடி நிற்கிறது, அவள் வந்து கவாத்து வெட்டினால் போதும். இந்த மருந்தை அடிக்கலாமா என்று கேட்பாள். இலை முடிவுகளை இந்த முறை எனக்கு அனுப்பு, படிக்கிறேன். படித்துவிட்டு, எவ்வளவு தெரியுமோ அவ்வளவு உனக்கு எழுதுகிறேன். அதை நீ அவளுக்குச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நேற்று ஒரு காகிதத்தை எடுத்து, 'தங்கச்சி மலையம்மாளுக்கு' என்று எழுதினேன். உன்னோடு வாய் பேசாமல் இத்தனை வருஷம் ஓட்டியது இப்படித்தானே, அவளோடும் ஓட்டிவிடலாமென்று நினைத்தேன். இரண்டாவது வரி எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

அவளுக்கு நீ போன் போடு, ஜோதி.

அண்ணன்
கர்ணன்